சிவப்பு மையில் "இல்லை"

கோபி தாலுகா ஆபீசின் பின்னறையில்
நாற்பத்தியொரு வருடத்துக் காற்று
பழுப்புக் கட்டுகளாய் அடுக்கியிருக்கிறது.
"சூறைக்காற்றில் வாழை சாய்ந்த விவரம்."
சித்திரைக்கு ஒரு பக்கம், சில வருடம் நாலைந்து,
சில வருடம் சிவப்பு மையில் வெறும் "இல்லை".

காற்று முன்னைவிட அடிக்கடி வருகிறதா?
கேட்டது காப்பீட்டுக் கம்பெனி.
எண்ண வந்தவள் நான்.

முதல் இருபது வருடத்தில் இருபத்தாறு.
அடுத்த இருபத்தோரு வருடத்தில் அறுபத்தொன்று.
இது தற்செயலாய் நடக்க
ஆயிரத்தில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை
என்றது கணினி, கண் சிமிட்டாமல்.
வரைபடத்தில் கோடு ஒரே இடத்தில் எகிறியிருந்தது,
இரண்டாயிரத்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே,
சுத்தமான ஒரு படிக்கட்டு.

படிக்கட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.
அது கொத்தனார் வேலை.

"அந்த வருசம் என்னங்க ஆச்சு?"
பதிவறை துளசிமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்த வருசந்தானுங் அம்மிணி
இங்க நிவாரண மனு வாங்க ஆரம்பிச்சோம்.
அதுக்கு முன்னால சாஞ்சா
வெட்டி மாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருவாங்க.
காசு வராத காத்த ஆருங்க எழுதுவா?"

ஆக, அந்தச் சிவப்பு "இல்லை"களில்
எத்தனை ராத்திரி நேந்திரம் முறிந்து கிடந்ததோ.

காற்றை எழுதினால் காசு கிடைக்காத ஒருவர்
எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும்.
கவுந்தப்பாடி துணைமின் நிலையத்தில் கிடைத்தார்கள்.
ஷிஃப்டுக்கு ஒருவர், வேறு வேறு கையெழுத்து:
"மாலை 5.40. பலத்த காற்று. லைன் ட்ரிப்."
அங்கேயும் லைன்கள் வருடாவருடம் நீண்டிருந்தன,
நீளம் கூடினால் அறுபடுவதும் கூடும்.
எனவே ஆதியிலிருந்து மாறாத
ஒற்றை ஃபீடரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று. நாற்பத்தொன்று.

கூடியிருக்கிறது.
ஆனால் காற்று மாறாமலேயே
இவ்வளவு வித்தியாசம் வர
மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு.
பகடை தெரிந்தவர்கள் இதற்குச் சண்டை போட மாட்டார்கள்.
இதே விகிதம் நீடித்தாலும்
உறுதியாய்ச் சொல்ல
இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எண்ண வேண்டும்.
ஒரு வாழைக்குப் பதினோரு மாதம்.

"ஆமா, இல்லை, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்"
என்று மூன்று தடவை போன் வந்தது.

அத்தாணிப் பக்கம் பொங்கியண்ணன் தோட்டத்தில்
மரத்துக்கு இரண்டு சவுக்குக்கழி முட்டுக் கொடுத்திருந்தார்.
போன வருடம்வரை ஒன்றுதானாம்.
எதற்கு என்றேன்.
"கணக்குத் தெரியலீங்க. அதுக்குத்தான்."

அறிக்கையின் கடைசிப் பத்தியில்
"தெரியவில்லை" என்று எழுதினேன்.
அதற்குக் கீழே இன்னொரு வரி:
இதை "இல்லை" என்று வாசிக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடும்போது ஜன்னல் ஒருதரம் அடித்தது.
துளசிமணி எழுந்து கொக்கி மாட்டினார்.
நான் மணி பார்த்தேன்.
நாலு பத்து.


எதில் எழுதுவதென்று தெரியாமல்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.