ஒன்றும் நடக்காத நாளுக்குச் சம்பளம்

திபிலிசியின் வடகோடி, க்ல்தானி.
பதினாறு மாடிக் கட்டடங்கள்; ஒவ்வொன்றின் வயிற்றிலும்
சில்லறை போட்டால்தான் நகரும் ஒரு லிஃப்ட்.
அதில் நூற்றுப் பன்னிரண்டு எங்கள் பொறுப்பு.
கம்பெனியில் கணக்கெழுதுபவன் நான், ஜும்பேர்.
கூட்டக் குறிப்பும் என் கையெழுத்துதான்.

வழக்கம் எளிது.
லிஃப்ட் நிற்கும். போன் அடிக்கும். மெக்கானிக் போவான்.
ஒரு பழுதுக்கு ஒரு கூலி.
லிஃப்ட் நின்றால் ஜனங்கள் படி அளந்தார்கள்,
எங்களுக்கு அது படியளந்தது.
யாரும் திருடரில்லை, இதைச் சொல்லிவிட வேண்டும்.
ஆனால் எந்தத் திருகையும் எவரும்
கடைசிச் சுற்றுவரை முடுக்கவில்லை.

எதேரி நிர்வாகத்துக்கு வந்த ஒன்பதாம் நாள்
பழுதுச் சீட்டுகளை மேசைமேல் கொட்டினார்.
ஒரே வீட்டு எண், ஒரே பழுது, ஒரே மாதத்தில் ஆறு தடவை.
"இனிமேல் பழுதுக்குக் காசில்லை.
மணி அடிக்காத நாளுக்குக் காசு."

பங்குதாரர்கள் சிரிக்கவில்லை. அது கெட்ட சகுனம்.
வாலிகோ கேட்டார்:
"குத்தாய்சியில் இல்லை, பத்தூமியில் இல்லை,
எவன் செய்கிறான் இதை?"
"அங்கே லிஃப்ட் ஓடுகிறதா?"
எனக்கும் ஒரு கேள்வி இருந்தது:
ஒன்றும் நடக்காததை
எந்தப் பத்தியில் எழுதுவது?
"புதுப் பத்தி போடுங்கள், ஜும்பேர்."
போட்டேன். முப்பது வருடம் கோடு கிழித்த கை
அன்றைக்குக் கோணியது.

மாதம் முந்நூறு மணி.
மார்ச்சில் நாற்பது.
வாலிகோ தன் தோட்டத்து ஒயினைக் கொண்டுவந்தார்.
ஏப்ரலில் பதினொன்று.
எல்லாரும் கை தட்டினார்கள், நானும்தான்,
உள்ளே ஏதோ உறுத்தியது.
அழகான எண்ணைக் கண்டால்
கணக்கனுக்குத் தூக்கம் வராது.

மே மூன்று.
லாமரா, பியானோ சொல்லித்தருபவர்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஐம்பது நிமிடம்.
பொத்தானை அமுக்கினார், அமுக்கினார்.
எங்கள் அறையில் அமைதி.
மணிக்கம்பியை வஜா வெட்டியிருந்தான்,
சுத்தமான வேலை, நுனியில் டேப் சுற்றி.
அந்த அமைதிக்கான கூலியை
காலையிலேயே நான் எழுதி முடித்திருந்தேன்.

மறுநாள் கூட்டம்.
"பழையபடி" என்றார் வாலிகோ.
தலைகள் ஆடின, என் தலை உட்பட.
எதேரி வஜாவைப் பார்த்தார்.
"வெட்ட எவ்வளவு நேரம்?"
"இரண்டு நிமிஷம்."
"லிஃப்டைச் சரிசெய்ய?"
"ஒரு முழு நாள்."
கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அமைதிக்கு விலை வைத்தேன்.
எந்த அமைதிக்கு என்று சொல்லவில்லை.
குற்றத்தில் பாதி என்னுடையது. எழுதுங்கள்."

எழுதினேன்.
அந்தக் குறிப்பேட்டில் நிர்வாகியின் குற்றம்
ஏறியது அதுதான் முதல் தடவை.
அவன் கூலியில் பாதி, அவர் சம்பளத்தில் பாதி,
ஒரே பக்கத்தில் பிடித்தேன்.

அப்புறம் அந்த வஜாதான்,
தொப்பியைக் கசக்கிக்கொண்டே,
"மணியை ஏன் எண்ணுகிறீர்கள்?
சில்லறைப் பெட்டியை எண்ணுங்கள்.
ஓடுகிற லிஃப்டில்தானே காசு விழும்" என்றான்.
அறையில் இருந்த பட்டதாரிகள் ஏழு பேரும்
அவரவர் பேனாவைப் பார்த்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில்
மூட்டை மூட்டையாய்த் தெத்ரி எண்ணுகிறேன்.
விரல் கறுக்கிறது, இரும்பு வாசம் போவதில்லை.
ஒருநாள் எவனாவது தன் காசைத் தானே போட்டு
இந்தக் கணக்கையும் ஏமாற்றுவான். தெரியும்.
எதேரிக்கும் தெரியும்.
பேரேட்டில் இடப்பக்கம் ஒரு பத்தியை
தலைப்பில்லாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

நான் பதினோராம் மாடிக்காரன்.
நேற்று ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு
உள்ளே நுழைந்து காசைப் போட்டேன்.
விழுந்த சத்தம் கேட்டது.
கதவு மூடியது.
ஒன்றும் நடக்கவில்லை.