கைப்பிடி

பேருந்து நிறுத்தத்துக்கு இருக்கை வரைந்தது நான்தான்.
எஃகு. ஆறடி நீளம்.
நட்ட நடுவில் ஒரு கைப்பிடி.
'முதியோர் ஊன்றி எழ' என்று
குறிப்பில் எழுதினேன்.
உண்மையில் எதற்கென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வேலை வால்டாக்ஸ் சாலையில்:
இரவுக் காப்பகம், நூறு சதுர மீட்டர், நாற்பது பேர்.
அளவுநாடாவோடு பத்தரை மணிக்குப் போனேன்.
லாரி ஷெட்டுகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான்
அங்கே வீடுகள் திறக்கின்றன.
ஒரு கொசுவலைக்கு நாலு முனை:
மின்பெட்டியில் ஒன்று, மரத்தில் ஒன்று,
மீன்பாடி வண்டியில் ஒன்று,
நாலாவது
தூங்குகிறவரின் கால் கட்டைவிரலில்.

"இன்னாத்த அளக்குற?
இந்தக் கல்லுலேர்ந்து அந்தக் கல்லு வரைக்கும் நாங்க.
அப்பால செங்கேணி வூடு"
என்றாள் தேசம்மாள்.
கோடு எதுவும் இல்லை. எல்லை இருந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டேன்.
கூரை என்பாள் என நினைத்திருந்தேன்.
"பூட்டு" என்றாள்.
ரேஷன் கார்டு மூன்று மழையில் மூன்று முறை கரைந்ததாம்.
"உள்பக்கம் தாப்பா போடுற கதவு ஒண்ணு.
பொடவ மாத்தவே நாலு மணிக்கு எந்திரிக்கிறேன், இருட்டுல.
ஒரு நாளாச்சும் விடிஞ்சப்புறம் மாத்தணும்."
கொஞ்சம் யோசித்து,
"லைட்டு மூஞ்சில அடிக்கக் கூடாது.
அவரு ஒரு கட்டடம், நான் ஒரு கட்டடம்னு பிரிச்சீங்கன்னா
நாங்க வரல."

எழுதிக்கொண்டேன்.
படுக்கைக்காக அவள் உயரத்தையும்:
நாலடி பத்தங்குலம்.

கிளம்பும்போது நிறுத்தத்தைக் காட்டினாள்.
"மழைக்கு அங்கதான் ஒதுங்குவோம்.
புதுசா பெஞ்சு போட்டுக்கிறாங்க, நடுவுல ஒரு கம்பி.
எந்த மவராசன் வெச்சானோ,
இடுப்புல குத்துது."
அளவுநாடா என் கைநழுவிச்
சர்ரென்று சுருண்டுகொண்டது.

காப்பக வரைபடம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
பூட்டுப் பெட்டிகள்: செலவு.
குடும்ப அறை: விதியில் இல்லை.
தாழ்ப்பாள் மட்டும் தப்பியிருந்தது,
அவ்வளவு சின்னது.

இருக்கை இன்னும் எழுபது நிறுத்தங்களுக்குப் போகிறது.
நேற்றிரவு அந்தக் கோப்பைத் திறந்தேன்.
கைப்பிடியைப் பிடித்து
வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன்
ஐந்தடி வரும் வரை.
மிச்சம் ஓரடியில் ஒரு பை வைக்கலாம்.
குறிப்பில் கை வைக்கவில்லை:
முதியோர் ஊன்றி எழ.