இனிஷியல்

கலவை இறுகுமுன்
எழுத்தைச் சரிபார்த்துவிட வேண்டும்:
'நாடகக் கலைஞர் செ. மஞ்சரியின் பெற்றோர்
க. செங்கோடன், அத்தாயி
சமாதிகள்.'

மூலனூர்ப் பக்கம் கொறங்காடு.
வெள்ளாடுகள் கிளுவை வேலியைக் கறிக்கும் சத்தம்.

மகள் அரிதாரம் பூசினாள் என்று
உசிரோடு இருந்தவளுக்குக் கருமாதி செய்து
அமராவதியில் தலைமுழுகினவர் செங்கோடன்.
ஊரே வந்து சாப்பிட்டதுங்க,
அத்தாயி மட்டும்
இலை முன்னால் உட்காரவே இல்லையாமுங்க
என்கிறார் ஆட்டுக்கார நல்லமுத்து.

அவளோ கடைசி மேடை வரைக்கும்
அந்த 'செ'வைக் கழற்றி வைக்கவில்லை.
மூக்குத்தியைக்கூடக் கழற்றினாள், ஒரு வேஷத்துக்கு.

துறையிலிருந்து கேட்டார்கள்:
அப்பாவுக்கு 'க' கிடைத்தது,
அம்மாவுக்கு என்ன எழுத்து?

நல்லமுத்துவுக்கும் தெரியவில்லை.
ஒரு விரற்கடை இடம் விட்டு
நட்டோம்.
கலவை இறுகிவிட்டது.