நாற்பத்திரண்டாவது கேள்வி

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என்ஜின் உறைந்துவிடாதிருக்க
கார்களை மின்சாரத்தில் செருகிவிட்டு
ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.
சாஸ்கடூன், ஆற்றோர ஹோட்டல், இரண்டாம் மாடி.
கூட்டக் குறிப்பு எழுத எனக்கு நாள் சம்பளம்.

சுவரில் நாற்பத்தொரு கேள்விகள்.
மறதிநோய் ஆராய்ச்சியில் முதல் பணம் எதற்கு?
ஆளுக்கு ஆறு பச்சைப் பொட்டு, பின்னால் பசை.
வேண்டிய கேள்விக்குக் கீழே ஒட்டலாம்.
ஒரு கேள்விக்கு இரண்டுக்கு மேல் கூடாது.

ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து
இருபது வருடம் முன்பே சொல்லிவிட முடியுமா?
மூளையில் படியும் புரதம் குற்றவாளியா,
சம்பவ இடத்தில் நின்ற சாட்சியா?
செவிட்டுத்தன்மை, புகை, கெட்ட தூக்கம்.
எலிக்குக் கேட்கிற மருந்து
மனிதருக்கு ஏன் கேட்பதில்லை?
இதைப் படித்த டாக்டர் கெர்ஷ்பைன்
"பதினெட்டு வருடம்" என்றார், யாரிடமும் இல்லாமல்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஹால்வர் ஸ்டெனெருட், கோதுமை விவசாயி,
பொட்டுத் தாளை ரயில் டிக்கெட் போலப்
பிடித்தபடி நின்றார், ஒன்றும் ஒட்டாமல்.

"என் மனைவி பராஸ்கா
போன அறுவடையோடு ஆங்கிலத்தை விட்டுவிட்டாள்.
ஆறு வயதுவரை பேசிய உக்ரைன் பேச்சுதான் மிச்சம்.
ஐம்பத்திரண்டு வருடத்தில் நான் கற்றது
ரொட்டிக்கு ஒரு சொல், வசவுக்கு இரண்டு.
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து
ஒரே வாக்கியத்தைச் சொல்கிறாள்.
அதற்கு எதில் ஒட்டுவது?"

கூட்டத்தை நடத்தியவர் புதுத் தாள் கிழித்து எழுதினார்:
42. பிந்திக் கற்ற மொழி முந்திப் போவது ஏன்?

அவர் கேட்டது அதுவல்ல.
ஆனாலும் ஆறையும் அதிலேயே ஒட்டினார்.
விதிப்படி நான்கை உரித்தார்கள்,
மரியாதையாக, நகத்தால்.

இடைவேளையில் போனை டாக்டரிடம் நீட்டினார்.
பதிவில் கட்டில் கிரீச்சிட்டது, பிறகு அவள் குரல்.
காபிப் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டிருந்த யாரினா
குழாயை மூடினாள்.
தெர்னோபிலிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.
"பழைய பேச்சு, நூறு வருடப் பேச்சு" என்றாள்.
இன்னொரு தரம் கேட்டாள். தயங்கினாள்.

"இந்த மனிதரை யாராவது வீட்டுக்கு அனுப்புங்கள்.
நல்லவராகத்தான் தெரிகிறார்.
இருட்டிவிட்டது,
அவருடைய அம்மா தேடுவாள்."

ஹால்வர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தார்.
போடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"'அம்மாவுக்குத் தெரியும்'
இதை எப்படிச் சொல்வது?"

மாமா ஸ்னாயே.
அந்த மொழியில் மாமா என்றால் அம்மா.
அவர் சொன்னது தும்மல் மாதிரி வந்தது.
யாரினா திருத்தினாள். டாக்டர் கெர்ஷ்பைனும்
கூடவே சொல்லிப் பார்த்தார்.

மாலையில் முடிவு:
ரத்தப் பரிசோதனை முதலிடம்.
நாற்பத்திரண்டாம் கேள்வி முப்பத்தெட்டாவது இடம்.
அறிக்கையில் அப்படித்தான் போனது,
"இதர விஷயங்கள்: ஏதுமில்லை" என்ற என் வரியோடு.

கோட்டு மாட்டும்போது ஜன்னல் வழியே பார்த்தேன்.
கம்பிபோல் விறைத்த ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
உதட்டிலிருந்து ஆவி வந்தது,
நின்றது,
மறுபடி வந்தது,
ஒவ்வொரு தடவையும்
இரண்டு சொல் அளவுக்கு.