எங்கே அடைக்கிறது

காரகண்டாவில் மைனஸ் முப்பத்தொன்று.
என் மேசைக்கடியில் மட்டும் கொதிக்கிறது:
பிராசசர், தொண்ணூற்று நான்கு டிகிரி.
அனல் நிலையத்தில் பகலெல்லாம்
ஊர்க் குழாய்களின் சூட்டைப் படித்து எழுதுகிறவள் நான்.
அங்கே இந்த எண் வந்திருந்தால்
தொலைபேசியை எடுத்திருப்பேன்.

திரையின் மூலையில் இன்னொரு எண்.
நொடிக்குப் பத்தொன்பது படம்.
கோடையில் ஐம்பது இருந்தது.
அப்புறம் விளையாட்டில் புதிதாகப் பனிக்காடு ஒன்றைச் சேர்த்தார்கள்,
அதோடு போயிற்று.
இப்போது ஓநாய் பாய்வதில்லை;
அங்கே இருக்கிறது, பிறகு இங்கே இருக்கிறது,
பிறகு நான் செத்திருக்கிறேன்.

எட்கர் மட்டும் அலுக்காமல் பாலத்தடியில் நிற்பான்.
பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சு;
குடும்பத்தோடு ஹானோவர் போய்ப் பதினோரு வருஷம்.
எனக்கு இரவு ஒரு மணி, அவனுக்கு ஒன்பது.
"வந்துவிட்டாயா ரவுஷன்" என்பான்.
பேச்சு நடுவே உறைந்துபோவான்,
கையில் தீப்பந்தத்தோடு, மூன்று நிமிஷம், நாலு நிமிஷம்.
மன்னித்துவிடு, என் பெட்டி கிழடு என்று
உறைந்தவனிடமே சொல்லிக்கொண்டிருப்பேன்.

கையில் அறுபதாயிரம் தெங்கே.
பல்லுக்கு வைத்தது. பல் இன்னும் பொறுக்கும்.

சனிக்கிழமை பஜாரில் தல்கத்
ஒரு கிராபிக்ஸ் கார்டை இரு கையிலும் ஏந்திக் காட்டினான்.
மூன்று விசிறி.
காயின் தோண்டிய கொட்டகையில்
இரண்டு வருஷம் இமைக்காமல் உழைத்தது என்று
அவன் சொல்லவில்லை, விசிறி சொல்லிற்று:
விரலால் சுண்டினேன், இருமியது.
"இதைப் போட்டால் பறக்கும் அக்கா."
பறக்கும். என் பவர் சப்ளையோ நானூறு வாட்.
யானையை ஓட்டி வந்துவிட்டுக்
கரும்புக்கு யாரிடம் போய் நிற்பது?

பத்தாவது மாடிக்கு வெந்நீர் ஏறவில்லை என்றால்
பாய்லரைப் பெரிதாக்க எங்கள் நிலையத்தில் யாரும் கிளம்புவதில்லை.
எந்த வால்வு என்று கேட்போம்.
வீட்டுக்கு வந்து அதையே கேட்டேன்.
படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தேன்.
காடு கஞ்சியாய்க் குழைந்தது, மரங்களுக்கு முகம் போயிற்று,
எண் அசையவில்லை.
நிழல்களை அணைத்தேன். ஒரு கணம் இருபது,
வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது.
கார்டு நாற்பது சதவீதத்தில்
கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது.
நாலு கோரும் நூறில் நின்று மூச்சு வாங்குகின்றன.
கூடத்தில் இலை போட்டு ஊரே காத்திருக்க
அடுப்படியில் ஒருத்தியே சோறு வடிக்கிறாள்.

என் போர்டு ஏற்கும் ஆறு கோர், பழையது, முப்பத்தோராயிரம்.
ராம் இன்னொரு குச்சி, ஒன்பதாயிரம்.
ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட்.
தல்கத் கார்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்,
பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பெண் வேண்டாமென்று போகிறவளைப்போல
என்னைப் பார்த்தான்.

ஞாயிறு. சாப்பாட்டு மேசை.
பழைய பேஸ்ட் பொருக்காய் உதிர்ந்தது.
ஹீட்சிங்க் இடுக்கில் பூனை முடி.
பூனை செத்து இரண்டு வருஷம்.
கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன்.
அரிசியளவு புதுப் பசை. திருகு நாலு.
முதல் தடவை பீப்கூட வரவில்லை.
ராமை இன்னும் அழுத்தினேன், விரல் வலிக்க, க்ளிக்.

ஐம்பத்தெட்டு.
ஓநாய் வருகிறது, வருவது தெரிகிறது,
மூக்கு நுனியில் பனி.
கொல்ல மனம் வராமல் விலகி ஓடினேன்.
பாலத்தடியில் எட்கர்.
"இனிப் பேசு, விட்டுப்போகாது" என்றேன்.
"பேக்கரியில் இன்றைக்கு" என்று தொடங்கினான்.
உறைந்தான்.

ஆனால் அவனைச் சுற்றிப் பனி விழுகிறது, தடங்கலில்லாமல்.
ஆறு ஓடுகிறது.
அவன் கைத் தீப்பந்தம் படபடக்கிறது.
ஹெட்செட்டைக் காதோடு அழுத்தினேன்:
குறட்டை. மெலிதாக, மாவு பிசைகிற தாளத்தில்.
விடிகாலை மூன்றுக்கு அடுப்பு மூட்டுகிறவன்.
எத்தனை மாதமாக?

மீதிக் காசு பல்லுக்கு.
எண்ணை மறைத்து வைத்தேன்.
ஓநாய்கள் வரும் பக்கம் பார்த்து
அவனுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.