இருபது என்றால் இருபத்தைந்து

ஊரில் என்னை ஸ்டோர் கீப்பர் என்பார்கள்.
நானே சொன்னதுதான்:
விசாகப்பட்டினத்தில் கப்பலுக்குப் பெயின்ட் டப்பா
எண்ணிக் கொடுக்கிற வேலை.
பதினோரு வருடமாக
அதே டப்பாக்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தை பிறந்து நான்காம் நாள். லீவில் வந்திருந்தேன்.
கேரட் ஏற்றிய பிக்கப் ஒன்று
எமரால்டு அணைக்குள் இறங்கிவிட்டது.
உறைபனி ரோடு. பிரேக் தடம்கூட இல்லை.
தீயணைப்பு வண்டி ஊட்டியிலிருந்து
இரண்டு சிலிண்டரோடு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று.
சிலிண்டரில் ஒன்று பாதிதான்.
முங்கத் தெரிந்த ஆள்
குன்னூரில் வேறொரு சாவில் இருந்தார்.

கையைத் தூக்கினேன்.
பெயின்ட் டப்பாக்காரன் கை.

மலைத்தண்ணீர் பொய் சொல்லும்.
மேலே காற்று மெலிசு, அதனால்
கயிறு இருபது மீட்டர் என்றால்
உடம்புக்கு அது இருபத்தைந்து.
வூலர் ஏரிக்கரையில்
தாடி வளர்த்துக் கிடந்த குளிர்காலத்தில் படித்த கணக்கு.
வண்டி பானெட்டின் ஈரத்தில் விரலால் எழுதிப் பார்த்து
இறங்கினேன்.

டிகாக்‌ஷன் நிறத்தில் கொஞ்ச தூரம் வெளிச்சம்.
அப்புறம் அதுவும் இல்லை.
இருட்டில் கை ஒரு வேலை பார்க்கும்,
மண்டை வேறெங்கோ போகும்.

எங்கள் பிரிவின் வரலாறு மொத்தம் ஒரு மணி நேரம்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் தூங்கி வழிகையில்.
எழுபத்தொன்றில் வங்காளத்துப் பையன்கள்
வயிற்றில் வெடி கட்டிக்கொண்டு ஆற்றில் நீந்தியது,
நேரத்துக்கு முன்னால் நனைந்துவிடாமல்
அதற்கு ஆணுறை மாட்டியது.
அந்த இடத்தில் மட்டும் வகுப்பு விழித்துச் சிரித்தது.
பிறகு எண்பத்தேழு.
கரும்பலகையில் ஒரு நீரேரி, ஓர் இறங்குதுறை, நான்கு அம்பு.
யாழ்ப்பாணம் என்ற பெயரைப் பயிற்சியாளர்
மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னார்.
திருத்தத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்.
திருத்தவில்லை.

பிக்கப், யாரோ பார்க் செய்துவிட்டுப் போன மாதிரி
சேற்றில் நேராக நின்றது.
மூட்டை அவிழ்ந்திருந்தது.
டார்ச் பட்ட இடமெல்லாம் அந்த ஆரஞ்சு.
சிவபாதம் பெல்ட் போட்டிருந்தார்.
எங்கள் ரோட்டில் யாரும் போடுவதில்லை.
அறுத்தேன்.
கப்பல்களின் அடிவயிற்றைத் தடவிப் பழகிய விரல்
ஒரு சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது.

ஐந்து மீட்டரில் நிற்க வேண்டும், எட்டு நிமிடம்.
கயிற்றை இரண்டு முறை இழுத்து, நிறுத்தச் சொன்னேன்.
நின்றோம், அவரும் நானும்.

கரையில் யோகராணி. டான்டீ காலனி.
அவர் அப்பா மன்னார் வழியாகக் கப்பலேறி வந்தவர்.
அழவில்லை. கேட்டார்:
"லைட் எரிஞ்சதா தம்பி?
இருட்டுன்னா அவருக்கு ஆகாது."

முகத்தில் சாக்கு மாட்டி, முழங்காலில் நிறுத்தி,
முப்பத்தாறு மணி நேரம் கேட்டிருக்கிறார்கள் என்னை, பயிற்சியில்.
பெயரும் நம்பரும் தவிர எதுவும் வாங்க முடியவில்லை.
"எரிஞ்சது" என்றேன்.
"எங்க பழகினீங்க இதெல்லாம்?"
"ஸ்டோர்ல."

ஆம்புலன்ஸ் ஊட்டிக்கு ஏறியது.
கூடவே போக எனக்கு வழியில்லை.
முங்கியவன் மேடேறக் கூடாது, பன்னிரண்டு மணி நேரம்;
ஏறினால் ரத்தம் சோடா மாதிரி நுரைக்கும்.
டீக்கடை ஹாலனுக்கு இதை விளக்கினேன்.
நம்பவில்லை. காசும் வாங்கவில்லை.
ஒரு சாக்கை விரித்துக் கொடுத்துவிட்டு
ஷட்டரை இறக்கினான்.

ஆழம், நேரம், தெளிவு
என்று கட்டம் கட்டி எழுதுவது பழக்கம்.
டீ பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
விளக்குக்குக் கட்டம் இல்லை.

மேலே எங்கள் ஹட்டியின் பல்புகள் தெரிந்தன.
நடந்தால் நாற்பது நிமிடம்.
கணக்குப்படி, விடியற்காலை ஐந்தே கால்.