ஏழாம் கண்ணி

அந்த இசைத்தட்டில்
ஏழாம் கண்ணி முடிகிற இடத்தில்
ஒரு கிளாஸ் உடையும்.
உடைத்தது நான்.

சஃபோக்கில், பிளைத் ஆற்றுக்குத் தெற்கே,
எங்கள் மதுக்கடையில் ஒரு சனிக்கிழமை.
ஜேபஸ் கிரிக்மோர் பன்றி லாரி ஓட்டுகிறவன்.
குளித்துவிட்டுத்தான் வருவான்; ஆனாலும்
அவன் பெஞ்சில் நாய்கள் மட்டுமே ஒட்டி உட்காரும்.
மடியில் மெலோடியன்.
வார் அறுந்த இடத்தில் பன்றி கட்டுகிற கயிறு.
மூன்று பொத்தான்கள் ஊமை.
அந்த ஊமைக்குத் தோதாக
மெட்டையே வளைத்து வைத்திருந்தான்.

ஐம்பத்தெட்டில் லண்டனிலிருந்து ஒருவர் வந்தார்.
டேப் ரெக்கார்டரைக் கைக்குழந்தைபோல் இறக்கிவைத்து
டார்ட்ஸ் எறிகிறவர்களை அரைமணி நிறுத்தச் சொன்னார்.
கால்மணி நிறுத்தினார்கள்.

மாலுமி திரும்பிவரும் பாட்டு. பதினேழு கண்ணி.
கண்ணை மூடிக்கொண்டு
தீவன விலை வாசிக்கிறவன்போல,
முகத்தில் ஒன்றுமே இல்லாமல் பாடுவான்.
மூழ்கிச் செத்தவனுக்கும் மாலை மாற்றியவனுக்கும்
ஒரே குரல்.
ஏழில் மணப்பெண்ணின் பேர் வரவேண்டும்.
என் கை வழுக்கியது.
கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.
வாயில் இருந்த பேர் போய்விட்டது.
‘கெஸையா’ என்று பாடிவிட்டு
நிற்காமல் எட்டுக்குப் போனான்.
என் பேர்.
அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.
நிலவறையில் என் புருஷன்
பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தான்.

அறுபத்தொன்றாம் வயதில்
ஜேபஸ் பாடகன் ஆனது அதற்கப்புறம்.
கேம்பிரிட்ஜ், ஷெஃபீல்டு, ஒருமுறை டென்மார்க்.
ஏழு கினி என்றால் எட்டாகக் கேட்பான்.
கைதட்டல் அடங்குமுன் கோட்டை மாட்டுவான்,
பன்றிகள் நாலு மணிக்கே எழுந்துவிடும் என்று.

என் பேர் தனியாக ஊர்சுற்றியது.
பன்னிரண்டு இசைத்தட்டு, ஒரு ஆய்வேடு:
கெஸையா யோபுவின் இரண்டாம் மகள்,
துயரத்துக்குப் பின்வரும் மீட்பு.
கிளாஸுக்கும் ஒரு அடிக்குறிப்பு இருந்தது:
‘சடங்கு சார்ந்த உடைப்பாக இருக்கலாம்.’
அதன் விலை ஒன்பது பென்ஸ்.

பின்னாளில் ஏதோ ஒரு கூடாரத்தில்
பழைய பேர் திடீரென்று நினைவுக்கு வர
சரியாகப் பாடிவிட்டானாம்.
முதல் வரிசையில் தாடிக்காரப் பையன்
மரியாதையாகக் கையைத் தூக்கி,
‘ஐயா, அது கெஸையா.’

என்னிடம் வந்து சொன்னான். சிரிக்கவில்லை.
‘அந்தப் பழைய பேர்தான் என்ன?’ என்றேன்.
கொஞ்சநேரம் நுரையைப் பார்த்தான்.
‘இப்ப மறுபடி போயிடுச்சு.’

மார்ச்சில் அடக்கம்.
பின்வரிசை முழுக்கப் பன்றிப் பண்ணைக்காரர்கள்,
முன்னால் இளசுகள் பத்துப் பதினைந்து பேர்,
அவனுக்குப் பிடிக்காத இரட்டைக் குரலில்
பதினேழையும் பாடினார்கள்.
ஏழு நெருங்க நெருங்க
குனிந்து என் கையைப் பார்த்தேன்.
பாட்டுத்தாள் மட்டும்தான்.
ஆனாலும்
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.